பாண்டி: பனித்தரையில் எழுதப்பட்ட ஒரு வரலாறு

குளிர்கால விளையாட்டுக்களுக்கு எமது பத்திரிகைகள் ஒதுக்கும் இடம் மிகச் சொற்பம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக் வரும்போது ஐஸ் ஹொக்கி பற்றி ஓரிரு பத்திகள் வெளிவரும், அத்துடன் சரி. அந்த ஐஸ் ஹொக்கியின் நிழலில் மறைந்துபோன 'பாண்டி' என்ற ஆட்டத்தின் பெயரையேனும் கேள்விப்பட்டவர்கள் எம்மத்தியில் அரிது. தமிழகச் சிறுமியர் கட்டம் கீறி ஆடும் பாண்டிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

உதைபந்தாட்ட மைதானமளவு விரிந்த பனித்தரை. அணிக்கு 11 பேர். 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். ஆட்டக்காரர் சறுக்குச் சப்பாத்து அணிந்து, நுனி வளைந்த மட்டையினால் சிறிய பந்தொன்றை அடித்துச் செல்வர். கோல்காப்பாளருக்கு மட்டை கிடையாது. பந்தைக் கையாலும் உடலாலும் தடுக்கவேண்டும். உதைபந்தாட்டத்தைப் பனிமீது ஏற்றி, வேகத்தைப் பன்மடங்காக்கினால் கிடைப்பதே இவ்விளையாட்டு எனலாம்.

இதன் நவீன வடிவம் பிறந்தது கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலங்களில். வெள்ளம் நின்ற வயல்கள் குளிர்காலத்தில் உறைய, கிராமத்தவர் அவற்றின்மீது ஆடினர். பரி ஃபென் என்ற இடத்து ஆட்டக்காரரான சார்ள்ஸ் டெபட் 1882 இல் விதிகளை எழுத்தில் வடித்தார். 1891 இல் தேசிய சங்கமும் அமைந்தது. இன்று உதைபந்தாட்டத்தால் அறியப்படும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் கழகத்தின் பழைய பெயரில் 'பாண்டி' என்ற சொல்லும் இருந்தது. ஆயினும் முதலாம் உலகப் போரின் பின்னர், விதி வகுத்த நாட்டிலேயே ஆட்டம் வழக்கொழிந்தது. சுவீடனும் நோர்வேயும் பின்லாந்தும் ரஷ்யாவும் அதைத் தமதாக்கிக்கொண்டன.

இவ்விளையாட்டு மேலும் கவனிக்கப்படவேண்டும் என நான் வாதிடுவதற்கு முதற் காரணம், ஐஸ் ஹொக்கியின் வரலாறே இதனை விடுத்து முழுமையடையாது என்பதுதான். சோவியத் ஒன்றியத்தில் ஐஸ் ஹொக்கித் தேசியப் போட்டி 1946 இல்தான் தொடங்கியது. எட்டே ஆண்டுகளில், 1954 இல் ஸ்டொக்ஹோமில், சோவியத் அணி கனடாவை 7-2 என வீழ்த்தி உலகக் கிண்ணத்தை வென்றது. உலகம் வியந்தது. ஆனால் அவ்வணியின் நட்சத்திரமான வ்செவொலொட் பொப்ரொவும், சோவியத் ஹொக்கியின் பெரும் பயிற்றுநரான அனத்தோலி தரசோவும் பாண்டி ஆடி வளர்ந்தவர்கள். இடைவிடாத சறுக்கலும் பந்தைப் பகிர்ந்தாடும் பழக்கமும் அப்பரந்த பனித்தரையில் கற்ற பாடங்களே.

இரண்டாவது காரணம் அரசியல். 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் பாண்டி காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. பதக்க விளையாட்டாக அது என்றுமே சேர்க்கப்படவில்லை. 1955 இல் நான்கு நாடுகள் கூடிச் சர்வதேசச் சம்மேளனத்தை நிறுவின. 1957 இல் ஹெல்சிங்கியில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது களமிறங்கியவை மூன்றே அணிகள். முந்திய ஆண்டு ஹங்கேரிக்குள் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து நோர்வே விலகிநின்றது. அன்று தொடங்கி 1979 வரை பதினொரு தடவைகள் சோவியத் அணியே வென்றது. 1981 இல்தான் சுவீடன் அத்தொடரை முறித்தது.

2022 இல் உக்ரைன் மீதான படையெடுப்பின் பின் வரலாறு திரும்பியது. 1957 இல் எதிர்த்த நாடு தானாக ஒதுங்கிக்கொண்டது. இம்முறை படையெடுத்த நாடே வெளியேற்றப்பட்டது. 2023 இல் சுவீடனில் நடந்த உலகப் போட்டியில் ரஷ்யா இல்லை. நியாயம் எதுவாயினும், இரு பெரும் தூண்களில் ஒன்றை இழந்த விளையாட்டு மெலிவதைத் தவிர்க்க இயலாது. போதாக்குறைக்கு, இயற்கைப் பனியும் குறைந்து வருகின்றது. செயற்கைப் பனித்தரைக்கோ பெருஞ் செலவாகும். சிறிய ஊர்களுக்கு அது எட்டாக்கனி.

மூன்றாவது காரணமே என் மனதுக்கு நெருக்கமானது. சுவீடனின் போர்லாங்கே நகரில் குடியேறிய சோமாலிய அகதி இளைஞர்கள், முன்பின் பனியில் நின்றறியாதவர்கள், சோமாலியாவின் பெயரில் ஓர் அணி அமைத்து 2014 இல் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆடினர். பெரும் கோல் வித்தியாசங்களில் தோற்றனர். எனினும் தாயகத்தின் கொடியை ஏந்தி, புகலிடத்தின் விளையாட்டை ஆடிய அக்காட்சியின் பொருளை எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. நோர்வேயிலும் சுவீடனிலும் பிள்ளைகளை வளர்க்கும் எம் உறவுகள் அதை எம்மைவிட நன்கு அறிவர்.

பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற வகையில் ஒன்றைக் கூறமுடியும். பணமும் தொலைக்காட்சியும் எங்குள்ளனவோ, அங்குதான் விளையாட்டுப் பக்கமும் செல்லும். அவ்வாறு செல்லும்போது, வென்ற விளையாட்டுக்களின் வரலாறே விளையாட்டின் வரலாறாகிவிடுகின்றது. பாண்டியை அறிந்துகொள்வது அந்தப் பிழையைச் சற்றேனும் திருத்தும். அதற்குப் பனியிலே நிற்கவேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு பத்தி போதும்.