பெருங்கெண்டை மீன்களின் தூண்டுமுறை இனப்பெருக்கம்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகள் குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. பருவமழையில் ஆறு பெருகும்போது அவற்றின் மூளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பியின் ஹார்மோனால் முட்டைகள் முதிர்ந்து வெளிப்படுகின்றன. குளத்தில் இந்தக் கடைசித் தூண்டல் மட்டும் நிகழ்வதில்லை. ஆகவே 1950-கள் வரை மீன் வளர்ப்போர் பெரும்பாலும் ஆற்றில் பிடித்த குஞ்சுகளையே நம்பியிருந்தனர். அவற்றோடு பிற மீன்களைத் தின்னும் இனங்களின் குஞ்சுகளும் கலந்தே வந்தன.

மீனுக்குப் பிட்யூட்டரி சாற்றை ஊசியில் செலுத்தும் ஆய்வை 1930 வாக்கில் அர்ஜென்டினாவில் உசே தொடங்கினார். சில ஆண்டுகளில் பிரேசிலில் வான் இஹெரிங் அம்முறையால் மீன்களை முட்டையிடச் செய்தார். இந்தியாவில் 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குல் பண்ணையில், ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் பெருங்கெண்டைகளில் வெற்றி கண்டனர். அந்நாளே தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முதிர்ந்த மீனின் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் பாதுகாத்து, அரைத்து, தெளிந்த சாற்றை ஊசியில் ஏற்றுவது வழக்கம். பெண் மீனுக்குச் சுமார் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, ஆணுக்கு ஒன்று. கொடுத்த மீனின் முதிர்ச்சியையும் பருவத்தையும் பொறுத்துச் சுரப்பியின் வீரியம் மாறியதுதான் இம்முறையின் தீராத தொல்லை.

பிட்யூட்டரியைத் தூண்டும் மூளை ஹார்மோனின் அமைப்பு 1971-இல் தெரியவந்தபின் செயற்கை ஹார்மோன்கள் உருவாயின. ஆயினும் கெண்டைகளில் அவை மட்டும் போதவில்லை. மூளையில் சுரக்கும் டோபமைன், பிட்யூட்டரிக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தது. கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனாவின் லின் ஹாவோரனும் ஹார்மோனோடு டோபமைன் தடுப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். இருவர் பெயராலும் இது லின்பே முறை எனப்படுகிறது. சந்தைக்கு வந்த ஓவாப்ரிம் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஹார்மோனும் 10 மில்லிகிராம் டோம்பெரிடோனும் உள்ளன. பிந்தையது மனிதர்களின் வாந்தியை நிறுத்தத் தரப்படும் அதே மருந்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேளையில் ஒரே ஊசி போதும் என்பதால் மீன்கள் கையாளப்பட்டு நலிவது குறைந்தது.

குஞ்சு உற்பத்தி எளிதானதில் கேடும் விளைந்தது. சில தாய்மீன்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திய பொரிப்பகங்களில் நெருங்கிய உறவுக் கலப்பு மிகுந்து, குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது.

கெண்டைகளுக்கு அப்பாலும் ஹார்மோன் ஊசி பரவியது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1997-இல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவா மீனை இம்முறையில் இனப்பெருக்கம் செய்தது; அதற்கு டோபமைன் தடுப்பு தேவைப்படுவதில்லை.