பவுன்சரா, மின் ஊஞ்சலா, ஏணையா? பிறந்த குழந்தைக்கு வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தை பிறந்த வீட்டுக்கு வரும் பரிசுகளில் இன்று பெரிய பெட்டி பெரும்பாலும் பவுன்சராகவோ மின் ஊஞ்சலாகவோ இருக்கிறது. தாய்மாமன் ஒன்று வாங்கி வருகிறார். வேலையிடத்து நண்பர்கள் பணம் சேர்த்து இன்னொன்று அனுப்புகிறார்கள். பாட்டியோ, “எதுக்கு இதெல்லாம்? ஒரு சேலையை எடுத்து ஏணை கட்டுங்க, புள்ள நல்லாத் தூங்கும்” என்கிறார்.

மூவரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் எது தேவை, எதற்குத் தேவை, எவ்வளவு நேரத்திற்குத் தேவை என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்று: பவுன்சரும் ஊஞ்சலும் விழித்திருக்கும் குழந்தையைச் சிறிது நேரம் கிடத்தி வைக்கும் இருக்கைகள். அவை படுக்கை அல்ல.

மூன்றுக்கும் உள்ள வேறுபாடு

பவுன்சர் என்பது கம்பிச் சட்டத்தில் துணியை இழுத்துப் பொருத்திய சாய்வு இருக்கை. குழந்தை கால் உதைத்தாலோ, பெரியவர் காலால் லேசாகத் தட்டினாலோ மெல்ல ஆடும். மின்சாரம் தேவையில்லை. சிலவற்றில் பேட்டரியில் ஓடும் சிறு அதிர்வு மோட்டார் இருக்கும். எடை குறைவு என்பதால் சமையலறை வாசலுக்கோ வசிப்பறைக்கோ தூக்கிச் செல்லலாம்.

மின் ஊஞ்சலில் மோட்டார்தான் ஆட்டுகிறது. வேகத்தை மாற்றலாம், பாட்டு வைக்கலாம், எத்தனை நிமிடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். இடம் அதிகம் பிடிக்கும், விலையும் கூடுதல். சாதாரண பவுன்சர் நூறு ரிங்கிட்டுக்குள்ளும் கிடைக்கிறது. பெயர் பெற்ற மின் ஊஞ்சல் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும்.

ஏணை நமக்குப் புதிதல்ல. சேலையையோ சாரோங்கையோ விட்டத்தில் கட்டுவார்கள். பிறகு இரும்பு ஸ்பிரிங் வந்தது. மலாய்க்காரர் வீடுகளிலும் ‘புவாயான்’ என்ற பெயரில் இதுவே இருக்கிறது. இப்போது ஸ்பிரிங்குக்கு மேலே மோட்டார் பொருத்தி, தானாக ஆடும் ஏணையும் விற்கிறார்கள்.

ஆயாக் கொட்டகையிலிருந்து அடுக்குமாடி வரை

தோட்டங்களில் தாய்மார் விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போவார்கள். அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். ஒன்றை ஆட்டிக்கொண்டே மற்றவற்றை ஆயா பார்த்துக்கொள்வார். லயத்து வீட்டிலும் விட்டம் இருந்தது, ஏணை கட்டுவதில் சிரமம் இல்லை.

தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்த பிறகு, மேலே கான்கிரீட் கூரைதான். சிங்கப்பூரின் வீவக வீடுகளிலும் அதே நிலை. அதனால் ஏணைக்கு இரும்புச் சட்டம் வாங்கினார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வந்த பாட்டி ஊர் திரும்பியதும் கணவர் வேலைக்குப் போய்விடுகிறார். பச்சை உடம்போடு சமையல், துணி துவைப்பு, குழந்தை எல்லாம் தாய் ஒருவர் கையில் வருகின்றன. அவர் குளிக்கப் போகும் பத்து நிமிடத்திற்குக் குழந்தையை எங்கே வைப்பது? பவுன்சரும் மின் ஊஞ்சலும் இந்தத் தேவைக்கே வாங்கப்படுகின்றன. அது நியாயமான தேவைதான்.

ஆனால் ஒரு மாற்றத்தை மறந்துவிடக் கூடாது. ஏணையைக் கை ஆட்டியபோது அருகில் ஓர் ஆள் இருந்தார். மோட்டார் ஆட்டும்போது அருகில் யாரும் இருக்க வேண்டியதில்லை. ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் அதில் தூங்க விடக்கூடாது?

பிறந்த குழந்தையின் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனமானது. கழுத்துத் தசைகளுக்கு வலு இல்லை. மூச்சுக்குழாயும் மிகக் குறுகியது, மென்மையானது. சாய்ந்த இருக்கையில் தூங்கும்போது தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் படியும். அப்போது மூச்சுக்குழாய் மடங்கி அடைபடலாம். தலையைத் தானே தூக்கிச் சரிசெய்யும் வலு குழந்தைக்கு இல்லை. அழுகைச் சத்தமோ இருமலோ இல்லாமலே மூச்சு நின்றுவிடக்கூடும். அதனால்தான் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியாமல் போகிறது.

இது வெறும் அச்சமூட்டல் அல்ல. அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அண்ட் பிளே’ என்ற சாய்வுத் தூக்கப் படுக்கை, 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்புக்குப் பின் 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. விற்றவை சுமார் 47 லட்சம். 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அந்நாடு 2022-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே நிறுவனத்தின் ‘ஸ்னுகா’ வகை ஊஞ்சல்கள் தொடர்பாக 2024 அக்டோபரில் இன்னோர் அறிவிப்பு வந்தது. 2012 முதல் 2022 வரை அவற்றில் தூங்க வைக்கப்பட்ட 5 குழந்தைகள் இறந்திருந்தன. எல்லாம் 1 முதல் 3 மாதக் குழந்தைகள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது எளிது. குழந்தையை ஒவ்வொரு தூக்கத்திற்கும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை சமதளமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தலையணை, போல்ஸ்டர், கனத்த போர்வை, பொம்மை எதுவும் அதில் கூடாது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று நம் வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் சேரும். உட்காரும் வகைச் சாதனங்கள் வழக்கமான தூக்கத்திற்கு ஏற்றவை அல்ல, குறிப்பாக 4 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு.

பவுன்சரில் கிடத்திய குழந்தை தானாகவே கண்ணயர்ந்துவிட்டால் என்ன செய்வது? எழுந்து அழுமே என்று தயங்கக் கூடாது. உடனே தூக்கிச் சமதளப் படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும். கார் இருக்கைக்கும் இது பொருந்தும். பயணத்தில் அதுவே பாதுகாப்பு. வீடு வந்ததும் இருக்கையோடு உள்ளே கொண்டுவந்து, தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு நேரம்?

குழந்தையை வாரிட்டுக் கட்டிவைக்கும் எந்த இருக்கையிலும் தொடர்ந்து 1 மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டியில் கூறியுள்ளது. இன்னும் தவழாத குழந்தை, விழித்திருக்கும்போது ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். கழுத்தும் தோளும் வலுப்பெறுவது அதனால்தான்.

நாள் முழுதும் ஊஞ்சலில் கிடக்கும் குழந்தையின் பின்தலை தட்டையாகவும் வாய்ப்புண்டு. மலேசியாவில் 2, 3, 5 மாதங்களில் தடுப்பூசிக்குச் சுகாதார கிளினிக் போகும்போது தலையின் வடிவத்தையும் தாதியிடம் காட்டிக் கேட்கலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம்.

வாங்கலாமா, வேண்டாமா?

வாங்குமுன் வீட்டில் உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் காண்பது நல்லது.

முதலாவது, குழந்தைக்குச் சமதளமான, கெட்டியான தனிப் படுக்கை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் முதல் செலவு அதுதான். அதை விட்டுவிட்டு ஊஞ்சல் வாங்கினால், கடைசியில் ஊஞ்சலே படுக்கையாகிவிடும்.

இரண்டாவது, பகலில் குழந்தையோடு யார் இருக்கிறார்கள்? பாட்டி, அத்தை, சித்தி என்று கை மாற்ற ஆள் இருக்கும் வீட்டில் பவுன்சர் பெரும்பாலும் மூலையில்தான் கிடக்கும். தாய் தனியாக இருக்கும் வீட்டில் தினமும் உதவும்.

மூன்றாவது, எத்தனை மாதம் பயன்படும்? பல பவுன்சர்களுக்கு எடை வரம்பு 9 கிலோ. அதற்கு முன்பே குழந்தை தானே உட்கார முயன்றால் நிறுத்திவிட வேண்டும். ஆக, சுமார் அரை ஆண்டுப் பயன்தான். ஆயிரம் ரிங்கிட் போடுமுன் இதை நினைக்க வேண்டும்.

நான்காவது, குழந்தைக்குப் பிடிக்குமா? சில குழந்தைகளுக்கு ஆட்டம் பிடிக்கும், சில வைத்ததுமே வீறிடும். பிறக்குமுன் இதைச் சொல்ல முடியாது. பிறந்த பின் உறவினர் வீட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்து வாங்கினால் நட்டமில்லை. குழந்தையின் அழுகை பொதுவாக 6 வார அளவில் உச்சத்திற்குப் போய், 3, 4 மாதத்தில் தணியும். அந்த வாரங்களில் களைத்துப்போய் இரவோடு இரவாக இணையத்தில் விலை உயர்ந்ததை வாங்குவோர் பலர்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுப் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பால் கக்கும் குழந்தையைச் சாய்த்து வைத்தால் சரியாகும் என்று நம்பி வாங்குவதும் தவறு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெட்டியில் தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவுன்சருக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 12790, அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப் 2167. ஊஞ்சலுக்கு இஎன் 16232, ஏஎஸ்டிஎம் எஃப் 2088. எந்தத் தரமும் குறிப்பிடாத மலிவுப் பொருளைத் தவிர்ப்பது நல்லது.

அடிப்பாகம் அகலமாக, தரையில் வழுக்காமல் நிற்க வேண்டும். இடுப்பு வாரும் கால்களுக்கு இடையே வரும் வாரும் கட்டாயம். கால் இடை வார் இல்லாவிட்டால் குழந்தை கீழே சரிந்து கழுத்து மாட்டிக்கொள்ளும். இருக்கையைப் படுத்தவாக்கில் தாழ்த்தும் வசதி இருந்தால் பிறந்த குழந்தைக்கு அதையே பயன்படுத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையும் பாலும் படும் என்பதால் கழற்றித் துவைக்கும் துணி வேண்டும்.

மின் ஊஞ்சல் என்றால் மலேசியாவில் பிளக்கில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும். ரிமோட்டில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். அந்தப் பேட்டரியை மூத்த குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பயன்படுத்தும் இடம் எப்போதும் தரைதான். மேசை, சோபா, கட்டில் மேல் வைத்தால் குழந்தையின் அசைவிலேயே பவுன்சர் நகர்ந்து விழும்.

பழையதை வாங்கினால்

சில மாதங்களே பயன்படும் பொருள் என்பதால் இரவல் வாங்குவதும், இணையத்தில் பழையதை வாங்குவதும் புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்று பெயரையும் மாடல் எண்ணையும் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். ஃபோர்மாம்ஸ் நிறுவனத்தின் ‘மாமாரூ’ ஊஞ்சல்கள் சுமார் 20 லட்சம், 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டன. யாரும் உட்காராத நேரத்தில் கீழே தொங்கிய வாரில் தவழும் குழந்தையின் கழுத்து சிக்கியதே காரணம். 10 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. எனவே எந்த ஊஞ்சலானாலும் பயன்படுத்தாதபோது வார்களை மாட்டி வைக்க வேண்டும்.

சட்டம் ஆடுகிறதா, வார் பிய்ந்திருக்கிறதா, பூட்டு பிடிக்கிறதா என்பதையும் நேரில் பார்த்து வாங்க வேண்டும்.

ஏணை கட்டுவோர் கவனத்திற்கு

ஏணையிலும் குழந்தை வளைந்தே கிடக்கிறது. தாடை நெஞ்சில் படியும் ஆபத்து அங்கும் உண்டு. எனவே அழுகையை அடக்க, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தி, தூங்கியதும் சமதளத்திற்கு மாற்றுவதே நல்லது. துணி நைந்ததா, கொக்கி தேய்ந்ததா, ஸ்பிரிங் விரிந்ததா என்று தினமும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் தாங்கும்படி காப்புக் கயிறு ஒன்று தனியாகக் கட்ட வேண்டும். ஏணை தரையிலிருந்து உயரமாக இருக்கக் கூடாது. மூத்த பிள்ளைகளை ஆட்ட விடக் கூடாது. குழந்தை புரளத் தொடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

முடிவாக

தாய் குளித்துவிட்டு வர, அடுப்பில் இருப்பதை இறக்கிவைக்க, கண் பார்வையில் குழந்தையைக் கிடத்த ஓர் இடம் தேவை என்றால் எளிய பவுன்சர் போதும். மின் ஊஞ்சல் வசதியே தவிர அவசியம் அல்ல. இரவுத் தூக்கத்திற்காக என்றால் இரண்டையும் வாங்க வேண்டாம்.

பரிசு தர விரும்பும் உறவினர்கள் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம். “ஊஞ்சல் வேண்டாம் மாமா, ஒரு நல்ல கட்டிலும் கெட்டி மெத்தையும் வாங்கிக் கொடுங்க” என்று பெற்றோர் தயங்காமல் சொல்வதிலும் தவறில்லை.