பறவைக்குப் பெயர் உண்டு

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் ஒன்று போளூர். திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் வேறு. வங்கி விடுமுறை நாட்களில், பங்குனிக் காலைகளில், அங்கே மலைவிளிம்பை ஒட்டி நடந்திருக்கிறேன். பைனாகுலரை எடுக்குமுன்பே காதில் விழுவது புதருக்குள்ளிருந்து வரும் ஓர் உரத்த கூவல். பழனிச் சிரிப்பான். அதன் பெயருக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

விஞ்ஞானத்தில் அது 'பேர்பாங்கி'. சாமுவேல் பேகன் பேர்பாங்க் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த பாதிரியார். 1860களில் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். அக்காலத்தில் சேகரிப்பது என்றால் சுடுவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது. அவர் சேகரித்தவற்றைக் கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்போர்டு 1869-ல் இந்தச் சிரிப்பானைப் புதிய இனமாக விவரித்தார்; அதற்குச் சற்றுமுன், வெள்ளை வயிறுள்ள ஒரு நீலப் பறவையையும். பேர்பாங்கின் பழனிக் குறிப்புகள் 1877-ல் 'ஸ்ட்ரே பெதர்ஸ்' இதழில் வந்தன. நடத்தியவர் ஹ்யூம், பின்னால் காங்கிரஸ் தோன்றக் காரணமான அதே ஹ்யூம். தனிமனிதப் பிடிவாதத்தில் நடந்த அதுவும் ஒரு சிறுபத்திரிகைதான்.

சுட்டவரின் பெயர் பறவைக்கு நின்றுவிட்டது என்று கசந்துகொள்ளலாம். ஆனால் சுட்டவர் உற்றும் பார்த்தார். நாம் சுடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நம் புதுக்கவிதையில் வருவது 'ஒரு பறவை'. சுதந்திரம், தனிமை, ஏக்கம் எதற்கும் ஒத்துப்போகும். எங்கே கூடு கட்டும், எதைத் தின்னும் என்ற தொல்லை இல்லை. சங்கப் பாடல்களில் அன்றிலும் குருகும் தத்தம் நிலத்தில் இருந்தன. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். இலக்கியக்காரர்களாகிய நாம் அவரைப் படித்தது குறைவு.

2017-ல் மரபணு ஆய்வுக்குப் பிறகு அந்த நீலப் பறவைக்குப் புதிய பேரினப் பெயர் வைத்தார்கள்: 'ஷோலிகோலா', சோலையில் வசிப்பது. தமிழ்ச் சொல் லத்தீனுக்குள் போய்விட்டது. இதற்கிடையில் சோலைகளைச் சூழ்ந்த புல்வெளிகளை வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

கவிதையின் பொதுப் பறவைக்கு இதனால் நஷ்டம் இல்லை. அதற்கு இருப்பிடமே கிடையாது. பெயருள்ள பறவைதான் அழியும்.