தாஹிட்டியில் காற்று, ஆவடியில் தண்ணீர்

எல் நினோ வருதுன்னு ஒரு செய்தி வந்தா போதும், நம்ம அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல தண்ணி லாரி நம்பர் பறக்க ஆரம்பிச்சிடும். "எல் நினோன்னா மழை இருக்காது", அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச கணக்கு. ஆனா 2015 எல் நினோ வருஷம். 2023-உம் எல் நினோ வருஷம். அந்த ரெண்டு டிசம்பர்லயும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எப்படி இருந்துச்சுன்னு இதைக் கேட்குற பல பேருக்கு நேர்லயே தெரியும்.

அப்போ கணக்கு எங்கே இடிக்குது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா 150 வருஷம் பின்னாடி போகணும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற தீவுகளுக்கும் போகணும்.

முதல்ல கடல்

பசிபிக் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டி, சாதாரணமாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும். அது மேல்மட்டத்து வெந்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். எந்த அளவுக்குன்னா, தென் அமெரிக்கக் கரையைவிட இந்தோனேசியா பக்கம் கடல் மட்டம் சுமார் அரை மீட்டர் உயரமாக இருக்கும். வெந்நீர் எங்கே இருக்கோ அங்கே மேகம், அங்கே மழை.

சில வருஷங்களில் இந்தக் காற்று தளர்ந்துவிடும். தேங்கிய வெந்நீர் கிழக்கு நோக்கித் திரும்பும். மழையும் கூடவே இடம் மாறும். நடுப் பசிபிக்கில் உள்ள கிரிபாஸ் தீவுகளில் கொட்டித் தீர்க்கும். பப்புவா நியூ கினியும் ஃபிஜியும் வறட்சியில் காயும். இதுதான் எல் நினோ. காற்று வழக்கத்தைவிட வேகமாக வீசினால் நடக்கும் எதிர்ப்பக்கம், லா நினா.

தாது வருஷம்

நம்ம தாத்தா பாட்டி தலைமுறை "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்வாங்க. கும்மிப் பாட்டெல்லாம்கூட இதைப் பத்தி இருக்கு. தாது வருஷம் என்பது 1876–77. மெட்ராஸ் மாகாணத்தில் 1876-ல் மழை பொய்த்தது. நம்ம பக்கத்துக்கு உயிரான வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. அடுத்த வருஷம், பதிவுகளிலேயே மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று பசிபிக்கில் உருவானது. 1877 தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியை ஏமாற்றியது. இந்தியாவில் குறைந்தது 50 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதே காலத்தில் சீனாவிலும் பிரேசிலிலும் பஞ்சம்.

ஆனா ஒண்ணு. மழை இல்லாததால பயிர் செத்தது. மனுஷங்க செத்ததுக்கு அது மட்டும் காரணம் கிடையாது. 1877-ல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கு. மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். சந்தை விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மண் வெட்டுகிற ஆளுக்கு! மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். மெட்ராஸில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதும் இந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான்.

இங்கே நம்ம ஏரியா உள்ள வருது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, ஆவடி வழியாகப் போகிறது. துறைமுகத்தில் இறங்கிய தானியம் உள்நாட்டுக்குப் போன முக்கியப் பாதைகளில் அதுவும் ஒன்று. இந்தத் தண்டவாளத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

கையால போட்ட டேட்டா சயின்ஸ்

பஞ்சத்துக்கு அப்புறம் அரசுக்கு ஒரு கேள்வி: பருவமழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா? இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனியை வைத்துக் கணித்தார். அவருக்குப் பின் வந்த எலியட் 1899-ல் நல்ல மழை வரும் என்றார். வந்தது கொடும் வறட்சி.

1904-ல் பொறுப்பேற்றவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவர் கிடையாது. கேம்பிரிட்ஜ் கணித மேதை. கடல், காற்று, மழைன்னு உலகம் முழுக்க உள்ள நிலையங்களின் எண்களை எடுத்து, எதுக்கும் எதுக்கும் தொடர்பு இருக்குன்னு பார்க்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் இல்லை. இந்திய எழுத்தர்கள் கையால் கூட்டிக் கழித்தார்கள். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஒப்பிட்டா, சில ஜோடிகள் தற்செயலாவே பொருந்தும். அதை எப்படி வடிகட்டுறதுன்னு 1914-லயே அவர் கட்டுரை எழுதிட்டார். இன்னிக்கு மெஷின் லேர்னிங் படிக்கிற பசங்க முதல் வருஷம் தடுக்கி விழுற அதே குழி.

அந்த எண்களில் ஒரு சீசா பலகை தெரிந்தது. தென் பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. 1924-ல் அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். இப்பவும் தாஹிட்டி தீவின் அழுத்தத்தையும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர அழுத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் அந்தக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். ஏன் இப்படி ஆடுகிறது என்று வாக்கரால் விளக்க முடியவில்லை. 1958-ல் இறந்தார். 1969-ல்தான் யாக்கோப் பியெர்க்னஸ், இந்தக் காற்றின் ஆட்டமும் பசிபிக் வெந்நீரின் ஆட்டமும் ஒரே கதை என்று காட்டினார். அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே வைத்தார்.

பறவைகள் போன தீவு

அப்புறமும் 1982-ல் ஒரு மாபெரும் எல் நினோ யாருக்கும் தெரியாமல் வளர்ந்தது. மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அந்தத் துகள்கள் செயற்கைக்கோள் அளவீட்டைக் குழப்பின. கடலிலிருந்து வந்த விசித்திரமான எண்கள் 'தவறான டேட்டா' என்று ஒதுக்கப்பட்டன. அதே சமயம் கிரிபாஸின் கிரிஸ்மஸ் தீவில், கிட்டத்தட்ட எல்லாக் கடற்பறவைகளும் குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் பறந்துபோயின. கடல் சூடானதும் மீன் போயிடுச்சு, மீன் போனதும் பறவையும் போயிடுச்சு. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பசிபிக் முழுக்கச் சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டார்கள். அந்த வேலை 1994-ல் முடிந்தது.

நம்ம கணக்கு

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தருவது ஜூன்–செப்டம்பர் தென்மேற்குப் பருவம். எல் நினோ அதைத்தான் பெரும்பாலும் பலவீனப்படுத்தும். சென்னைக்குப் பாதிக்கு மேல் மழை அக்டோபர்–டிசம்பரில். அப்போது எல் நினோ இருந்தால், வங்கக்கடலிலிருந்து நம்மை நோக்கி ஈரம் சுமந்து வரும் கீழைக்காற்று வலுப்பெறவே வாய்ப்பு அதிகம். 1918 எல் நினோ வருஷம். நாடு முழுக்கப் பெரும் வறட்சி. அதே நவம்பரில் சென்னையில் 1,088 மி.மீ. மழை! 2015 நவம்பர் அதை நெருங்கியது. டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 செ.மீ.

ஆனா இதையும் மந்திரமா எடுத்துக்காதீங்க. 2016-ல் லா நினா பக்கம் சாய்ந்தது, வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது, கணக்குச் சரி. 2021 லா நினா, ஆனா நவம்பரில் சென்னை மூழ்கியது; கணக்குத் தப்பு. 2018-ல் லேசான எல் நினோ இருந்தும் மழை ஏமாற்றியது. விளைவு, 2019 ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிய ரயில், ஆவடி, அம்பத்தூர் தாண்டி வில்லிவாக்கத்தில் வந்து நின்றது.

ஞாபகம் வச்சுக்கச் சொன்ன தண்டவாளம் இதுதான். 1877-ல் தானியம் வெளியே போச்சு, 2019-ல் தண்ணி உள்ளே வந்துச்சு.

வாக்கர் காலத்து ஆளுங்களுக்கு இல்லாத மிதவையும் சாட்டிலைட்டும் இன்னிக்கு நம்ம கையில இருக்கு. சில மாசம் முன்னாடியே பசிபிக் நமக்குத் தகவல் அனுப்புது. தகவல் மட்டும் யாரையும் காப்பாத்தாது. கொரட்டூர் ஏரியில எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு, செம்பரம்பாக்கம் மதகை எப்போ திறக்குறாங்க, அதெல்லாம் இங்கே எடுக்குற முடிவு. 2015 வெள்ளத்தைப் பத்தி சிஏஜி அறிக்கை சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான்: மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு.

அடுத்த தடவை எல் நினோ செய்தி வரும்போது லாரி நம்பரோட சேர்த்து, உங்க தெரு மழைநீர் வடிகால் தூர் வாரியாச்சான்னும் குரூப்ல கேளுங்க. சந்திப்போம்.