கற்றலும் கற்பித்தலும்: புருசிய நாட்டு ஆசிரியர் வரலாறு

கற்றோர் யாவரும் கற்பிக்க வல்லரோ என்பது பழைய வினா. நன்னூலார் ஆசிரியனுக்குரிய இயல்பை மொழிந்ததோடமையாது, பாடஞ்சொல்லும் முறையையும் தனியே வகுத்துரைத்தார். ஐரோப்பாவில் இவ்வினாவுக்குப் பல்கலைக்கழக வாயிலாக விடை காண முற்பட்ட நாடுகளுள் புருசியா குறிப்பிடத்தக்கது.

18ஆம் நூற்றாண்டிலே அந்நாட்டு இலத்தீன் பள்ளிகளிற் கற்பித்தோருட் பலர் கிறித்தவ சமயவியல் பயின்றோராவர். திருச்சபையிற் பதவி கிடைக்குங்காறும் அவர்க்கு ஆசிரியத் தொழில் ஓர் இடைத்தங்கலாயிற்று. இந்நிலையை மாற்றக் கருதிய ஓகஸ்ட் வொல்வ் என்னும் பேரறிஞர், 1787இல் ஹாலேப் பல்கலைக்கழகத்திலே தொல்மொழிப் பயிலகம் ஒன்றை நிறுவினார். கிரேக்கமும் இலத்தீனும் ஆழ்ந்து கற்றவனே ஆசிரியனாதற்கு உரியன் என்பது அவர் கொள்கை. ஆசிரியம் சமயப் பணியினின்றும் பிரிந்து தனித்தொழிலாதற்கு இஃது வழிகோலியது.

1806இல் நெப்போலியனிடம் தோல்வியுற்ற புருசியா, கல்வியால் மீண்டெழ முனைந்தது. கல்விப் பகுதிக்குத் தலைமை பூண்ட ஹும்போல்ட் வகுத்த நெறியில், 1810 யூலை 12ஆம் நாள் ஓர் அரசாணை பிறந்தது. உயர்பள்ளி ஆசிரியராக விழைவோர், மொழி, வரலாறு, கணிதம் முதலியவற்றில் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றல் வேண்டும் என்பதே அவ்வாணை. இதனால் ஆசிரியரின் மதிப்பு உயர்ந்தது. ஆயினும் பரீட்சையில் மேலோங்கி நின்றது பாட அறிவே. வகுப்பறைத் திறன் பின்தங்கியது.

இக்குறையை உணர்ந்தவர் ஹேர்பாட். 1809இல் கேனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே கான்ட் முன்னர் வகித்த பீடத்தை ஏற்ற அவர், கற்பித்தற் கலைக்கெனப் பயிலகமும் அதனோடிணைந்த பயிற்சிப் பள்ளியும் அமைத்தார். அங்கு மாணவர் கொள்கையைக் கேட்டதோடன்றிச் சிறார்க்குக் கற்பித்தும் பழகினர். எனினும் 1833இல் அவர் கோட்டிங்கன் நகருக்குச் சென்றபின் அம்முயற்சி அங்கே நிலைபெறவில்லை. தனியொருவரின் ஆர்வத்தைச் சார்ந்து நிற்கும் அமைப்பு அவரோடு தளர்வது இயல்பே.

அரசு வேறொரு வழியை நாடியது. 1826இல், பரீட்சையிற் சித்தியெய்தியோர் ஓராண்டு பள்ளியிலே தகுதிகாண் ஆசிரியராகப் பணிபுரிதல் வேண்டுமென விதித்தது. அதுவும் போதாதெனக் கண்டு, 1890இல் அதற்கு முன்னதாக மேலும் ஓராண்டுப் பயிற்சியைச் சேர்த்தது. அப்பயிற்சியும் பல்கலைக்கழகத்திலன்றிப் பள்ளியிலேயே நிகழ்ந்தது.

வொல்வ் பயிலகம் தொடங்கியதிலிருந்து இவ்வேற்பாடு நிறைவுற ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அறிவைப் பல்கலைக்கழகமும், பழக்கத்தைப் பள்ளியும் தரலாம்; அவ்விரண்டையும் ஒருவனிடத்து இணைப்பதே அரிது. அப்பொறுப்பை இருசாராரும் தட்டிக்கழிப்பின், இழப்பெய்துவோன் ஆசிரியனல்லன். அவன் முன் அமர்ந்திருக்கும் மாணாக்கனே.