கணினிச் சுட்டியின் தொடக்கக்கால வரலாறு

கணினித் திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்காகக் கையால் நகர்த்தப்படும் கருவி சுட்டி எனப்படும். பேச்சு வழக்கில் மவுஸ் என்பர். இதனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கெல்பார்ட். அது சரியே. ஆனால் 1964இல் முதல் மாதிரியைச் செய்து முடித்த பொறியாளர் பில் இங்லிஷின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் எங்கெல்பார்ட் அமெரிக்கக் கடற்படையில் ராடார் தொழில்நுட்பராக இருந்தார். ராடார் திரையைப் போலவே கணினித் திரையிலும் தகவலைக் கண்ணால் கண்டு கையால் மாற்ற இயலும் என்பது அவர் எண்ணம். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலம் அது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

முதல் சுட்டி ஒரு மரப்பெட்டி. மேலே ஒரே ஒரு பொத்தான். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு உலோகச் சக்கரங்கள். ஒன்று இட வல அசைவையும் மற்றொன்று முன் பின் அசைவையும் அளந்தன. வரைபடத்தில் பரப்பளவு காணப் பயன்படும் பிளானிமீட்டரே இதற்குத் தூண்டுதல். கம்பி பின்புறமாக, மணிக்கட்டுப் பக்கம் வெளிவந்ததால் வால் போலத் தெரிந்தது. ‘மவுஸ்’ என்று முதலில் அழைத்தவர் யார் என்பது அந்த ஆய்வகத்தில் எவருக்கும் நினைவில்லை!

நாசாவின் நிதியுதவியுடன் ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு சுட்டியும் ஒப்பிடப்பட்டது. புதியவர்கள் ஒளிப்பேனாவையும் முழங்கால் கருவியையும் விரைவாகக் கையாண்டனர். பழகியவர்களிடமோ சுட்டியே முந்தியது, பிழைகளும் குறைந்தன.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ 1,000 கணினி வல்லுநர்கள் முன்னிலையில் எங்கெல்பார்ட் 90 நிமிடங்கள் செயல்விளக்கம் அளித்தார். வலக்கையில் சுட்டி, இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட மற்றொரு கருவி. திரையிலேயே உரையைத் திருத்தினார். ஓர் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியருடன் காணொளி வழியே பேசினார். அவருக்குச் சுட்டி இந்தப் பெரிய திட்டத்தின் ஒரு சிறு உறுப்பு மட்டுமே. உலகம் அந்த உறுப்பைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் உருளைப் பந்து கொண்ட சுட்டியைத் தனியே அறிமுகப்படுத்தியிருந்தது. எங்கெல்பார்ட் குழுவினரின் சுட்டியில் அப்போதும் சக்கரங்களே. 1971இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் சேர்ந்த இங்லிஷ், அங்கே பந்துச் சுட்டியை உருவாக்கினார். அது 1973இன் ஆல்டோ கணினியுடன் இணைந்தது. விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டார் (1981) சுமார் 16,000 டாலர். பள்ளியோ வீடோ எப்படி வாங்கும்?

விலையைக் குறைத்தது ஆப்பிள். ஜெராக்ஸ் சுட்டி ஒன்றுக்கே சுமார் 300 டாலர் ஆனது. மலிவான ஒன்றைச் செய்யும் பணியை ஏற்ற வடிவமைப்பாளர் டீன் ஹவி, வெண்ணெய்க் கிண்ணத்தையும் ரோல்-ஆன் டியோடரண்டின் உருண்டையையும் வைத்து முதல் சோதனை மாதிரியைச் செய்தார். லிசா (1983), மேக்கின்டாஷ் (1984) கணினிகளோடு ஒற்றைப் பொத்தான் சுட்டி பொதுமக்களிடம் வந்தது.

சுட்டிக்கான அமெரிக்கக் காப்புரிமை (எண் 3,541,541) 1970 நவம்பர் 17இல் எங்கெல்பார்ட் பெயரில் மட்டும் வழங்கப்பட்டது. உரிமையாளர் ஆய்வு நிறுவனம். ஆப்பிளுக்கு அது சுமார் 40,000 டாலருக்குத் தரப்பட்டதாகப் பின்னாளில் எங்கெல்பார்ட் கூறினார். அவருக்கு உரிமத்தொகை ஏதும் கிடைக்கவில்லை. சுட்டி பரவத் தொடங்கியிருந்த 1987இல் காப்புரிமையும் காலாவதியானது. 1997இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது; 2013இல் மறைந்தார். இடக்கைக்கு அவர் அமைத்த ஐந்து விசைக் கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை.