பரங்கிப்பேட்டை பாட்டிலும் புவனகிரிப் பாறையும்

கடல் உயிரியல் படிச்சவங்களுக்கு 'ஜோபெல் மரைன் அகார்' தெரியாம இருக்காது. கடல் பாக்டீரியாவை லேப்ல வளர்க்க உதவுற சத்துக்கூழ் அது. பாட்டில் மேல 2216னு ஒரு நம்பர் கூட இருக்கும். ஆனா ஜோபெல்ங்கறது ஒரு மனுஷன் பேருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கதையைத் தோண்டப் போனா, அது எண்ணெய்க் கிணத்துல போய் நிக்குது. சிதம்பரத்துக்காரனான எனக்கு அதனாலேயே இதை எழுதணும்னு தோணிச்சு.

கிளாட் ஜோபெல் (1904–1989) அமெரிக்கர். கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். கடல் நுண்ணுயிரியலின் தந்தைன்னு சொல்வாங்க. 1951ல் டென்மார்க்கின் கலாதியா கப்பலில் போய், பிலிப்பைன்ஸ் பக்கம் 10,000 மீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து எடுத்த சேற்றில் உயிருள்ள பாக்டீரியா இருக்குன்னு காட்டினார்.

அதுக்கு முன்னாடியே, 1940களில், அவருக்கு இன்னொரு கேள்வி. எண்ணெய் ஊறிய மணலில் பாக்டீரியாவை விட்டா என்ன ஆகும்? விட்டுப் பார்த்தார். மணலை விட்டு எண்ணெய் பிரிஞ்சு வந்தது! 1946ல் அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கறீங்களா? செக்கை நினைச்சுக்குங்க. எவ்வளவு ஆட்டினாலும் பிண்ணாக்குல கொஞ்சம் எண்ணெய் தங்கிடும். பூமிக்கடியில் இது தலைகீழ். பல எண்ணெய் வயல்களில் மூணில் ஒரு பங்குதான் மேல வருது, மிச்சமெல்லாம் பாறையின் நுண்துளைகளிலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது. பாக்டீரியா அங்கே போனா பல வேலை செய்யும். சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயைப் பாறையிலிருந்து கழட்டும். வாயு உண்டாக்கி எண்ணெயைத் தள்ளும். அமிலம் சுரந்து சுண்ணாம்புப் பாறையின் துளையைப் பெரிசாக்கும்.

1954ல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், லிஸ்பன் என்ற வயலில் இதை நிஜக் கிணத்துலேயே செஞ்சு பார்த்தாங்க. கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவையும், அதுக்குத் தீனியாக மொலாசஸையும் உள்ளே செலுத்தினாங்க. எண்ணெய் வரத்து கூடிச்சு. மொலாசஸ்னா வேற ஒண்ணுமில்ல, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகுதான். நெல்லிக்குப்பத்துலயும் சேத்தியாத்தோப்புலயும் ஆலையைச் சுத்தி இருக்கவங்களுக்கு அந்த வாசனை நல்லாவே தெரியும் :-)

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. துளை போட்டு ஆராய்ஞ்சப்ப, கீழே கண்ட பாறை அடுக்குகளுக்கு உள்ளூர்ப் பேர்களையே வெச்சாங்க. சுமார் 9 கோடி வருஷத்துக்கு முந்தின ஒரு மணற்பாறை அடுக்குக்குப் புவனகிரி அடுக்குன்னு பேர். அதுக்கும் மேலே இருக்கிற ஒரு களிப்பாறை அடுக்குக்குப் போர்ட்டோநோவோன்னு பேர், அதாவது நம்ம பரங்கிப்பேட்டை. பொதுவா மணற்பாறை எண்ணெயைத் தாங்கும், களிப்பாறை மூடி போட்ட மாதிரி அடைச்சு வைக்கும். ஒரு பக்கம் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். இன்னொரு பக்கம் அதே ஊர்ப்பேரைச் சுமக்கும் பாறை. நுண்ணுயிரும் எண்ணெய்ப் பாறையும் ஒரே ஊர்ப்பேரில் சந்திக்கிறது ஆச்சரியமா இல்ல?

இந்தியாவிலும் இந்த முறை வந்தாச்சு. கிணத்துக்குள்ள கொதிக்கிற சூடு. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25, 30 டிகிரி ஏறிக்கிட்டே போகும். டெரி நிறுவனமும், அகமதாபாத்தில் உள்ள ஓ.என்.ஜி.சி.யின் ஆய்வு நிலையமும் சேர்ந்து, சுமார் 90 டிகிரி வரை தாங்குற பாக்டீரியாக் கூட்டங்களைத் தேடிப் பிடிச்சு வளர்த்தாங்க. 2007ல் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தனிக் கம்பெனியே தொடங்கினாங்க. செய்முறை சுலபம்தான். பாக்டீரியாவையும் தீனியையும் கிணத்துல செலுத்தி, சில வாரம் மூடி வெச்சு, அப்புறம் திறக்கணும்.

எல்லாம் நல்லதுதானா? இல்ல. ஜோபெல் பயன்படுத்தினது சல்பேட்டைத் தின்கிற வகை பாக்டீரியா. அது அழுகின முட்டை நாத்தமடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது விஷவாயு, இரும்புக் குழாயையும் அரிச்சிடும். பிற்பாடு வந்தவங்க வேற வகை பாக்டீரியாவைத் தேடினதுக்கு இதுவும் ஒரு காரணம். அதோட, ஒரு கிணத்துல பலிச்சது பக்கத்துக் கிணத்துல பலிக்கும்னு உத்தரவாதம் கிடையாது. எண்பது வருஷம் ஆகியும் இது எல்லா வயலுக்கும் பரவாததுக்குக் காரணம் இதுதான்.

நம்ம பக்கம் இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. 2020ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதுக்குள்ள வருது. புது எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது. ஆனா ஏற்கனவே நடந்துக்கிட்டிருந்த வேலைகளைச் சட்டம் தொடல.

அப்போ டெல்டாவில் எண்ணெய்க்காரங்க கண்ணு இனி பழைய கிணறுகள் மேலதான் இருக்கும். புதுசா வயலைத் தோண்டாம, இருக்கிற கிணத்துலயே மிச்சத்தை எடுக்கிறது நல்ல யோசனையாத்தான் தெரியுது. ஆனா நிலத்தடி நீரை நம்பி நாத்து விடுற ஊர் இது. உள்ளே எதைச் செலுத்துறாங்க, குழாய்ச் சுவர் எத்தனை வருஷம் தாங்கும், பக்கத்துப் போர்வெல் தண்ணியை யார் சோதிக்கிறாங்கன்னு விவசாயி கேட்டா அது அறியாமை இல்ல. அந்தக் கேள்விக்கு நுண்ணுயிரியல் தெரிஞ்சு பதில் சொல்லக்கூடிய ஆட்கள் வேற எங்கேயும் இல்ல, வெள்ளாற்றங்கரையிலேயே இருக்காங்க.